வராதவர்களின் கணக்கு: ஆக்கிரமிப்பின் கீழ் ஈராக்கில் நடந்த தேர்தல்

ஒரு நாட்டில் அந்நியப் படை நிற்கிறது. அந்தப் படைக்கு எதிராக ஆயுதம் தூக்கியவர்களும் நிற்கிறார்கள். நடுவில் பொதுசனம். அந்த நேரத்தில் "வாருங்கள், புள்ளடி போடுங்கள்" என்று அழைத்தால் அந்த மக்கள் என்ன செய்வது? போனால் ஆக்கிரமிப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமா? போகாவிட்டால் தமது தலைவிதியைப் பிறர் எழுத விட்டுவிட்டதாக ஆகிவிடுமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எங்கட ஆக்கள் மத்தியில் இரண்டு விதமான விடைதான் காதில் விழும். "அது அமெரிக்காட எலெக்ஷன், அதுல என்ன இருக்கு?" என்பது ஒன்று. "குண்டு வெடிக்கக்குள்ளயும் சனம் வரிசையில நிண்டு வாக்குப் போட்டுதே, அது போதாதா?" என்பது மற்றது. இரண்டிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் 2005 இல் ஈராக்கில் நடந்ததைக் கொஞ்சம் ஆறுதலாக இருந்து பார்த்தால், முக்கியமான கேள்வி வேறோர் இடத்தில் இருப்பது தெரியவரும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வராதவர்கள் எப்படிக் கணக்கில் எடுக்கப்பட்டார்கள் என்பதே அந்த நாட்டின் அடுத்த ஆண்டுகளை அதிகம் பாதித்தது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கும் 1988 இல் இதற்குக் கிட்டிய ஒரு நாள் வந்தது. அதையும் கடைசியில் தொட்டுப் பார்ப்போம்.

தேர்தலைக் கேட்டது யார்?

2003 மார்ச் 20 ஆம் திகதி அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக்கின் மீது படையெடுத்தன. ஏப்ரல் 9 ஆம் திகதி பக்தாத் வீழ்ந்தது. மே 22 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 1483 ஆம் இலக்கத் தீர்மானம், அவ்விரு நாடுகளையும் ஆக்கிரமிப்பு வல்லரசுகள் என்றே குறிப்பிட்டது. ஆக்கிரமிப்பு என்பது மேடையில் பேசும் வசைச்சொல் மட்டுமல்ல, சர்வதேசச் சட்டத்தில் அதற்கு ஒரு பொருள் உண்டு. 1907 ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 43 ஆவது பிரிவின்படி, ஆக்கிரமித்த படை பொது ஒழுங்கைக் காக்க வேண்டும். முற்றாகத் தவிர்க்க முடியாத நிலை இருந்தாலொழிய அந்நாட்டின் சட்டங்களை மதித்து நடக்க வேண்டும். வீட்டுக்குள் புகுந்தவன் வீட்டின் சுவரை மாற்றிக் கட்டக் கூடாது என்பதுதான் இதன் சாரம்.

ஆனால் சுவர்கள் உடனேயே இடிக்கப்பட்டன. அமெரிக்க நிருவாகத்தின் தலைவராக வந்த போல் பிரேமர், தமது முதலாவது கட்டளையால் பஅத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரச சேவையிலிருந்து நீக்கினார். இரண்டாவது கட்டளையால் ஈராக்கிய இராணுவத்தைக் கலைத்தார். இரண்டும் 2003 மே மாதத்திலேயே நடந்தவை. இலட்சக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் ஒரு கையொப்பத்தால் நின்றுபோனது. பின்னர் தலைதூக்கிய கிளர்ச்சிக்கு ஆள் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அமெரிக்கர்கள் பலரே பின்னாளில் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே பலர் மறந்துவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. தேர்தலுக்கு அவசரப்பட்டது அமெரிக்கா அல்ல. தாம் நியமிப்பவர்களைக் கொண்டு ஓர் அரசியல் யாப்பை எழுதிவிட்டு, தேர்தலைப் பிறகு பார்க்கலாம் என்பதே பிரேமரின் முதல் திட்டம். அதை மறித்தவர் நஜஃப் நகரில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் வாழ்ந்த முதிய ஆலிம் ஒருவர், ஆயதுல்லாஹ் அலி ஸீஸ்தானி. 2003 ஜூன் மாதக் கடைசியில் அவர் ஒரு பத்வா வெளியிட்டார். யாப்பை எழுதும் சபையை நியமிக்க ஆக்கிரமிப்பு நிருவாகத்துக்கு அதிகாரம் இல்லை, அச்சபையை ஈராக்கிய மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்ய வேண்டும், எழுதப்படும் யாப்பையும் மக்கள் முன் வைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பிரேமரை அவர் ஒருமுறையேனும் நேரில் சந்திக்க இணங்கவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி அமெரிக்கர் வேறொரு திட்டம் கொண்டுவந்தனர். மாகாணந்தோறும் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட்டி அவர்கள் மூலம் ஓர் இடைக்காலச் சபையை அமைப்பது அத்திட்டம். ஸீஸ்தானி அதற்கும் உடன்படவில்லை. 2004 ஜனவரியில் பஸ்ராவிலும் பக்தாதிலும் பெருந்திரளான மக்கள் தேர்தல் கேட்டு வீதிக்கு இறங்கினர். கடைசியில் ஐ.நா.வின் தூதுவராக லஃக்தர் இப்ராஹீமி அழைக்கப்பட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, நேரடித் தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, ஆனால் ஜூன் மாதத்துக்கு முன் அதை ஒழுங்காக நடத்த முடியாது என்றார். இரு தரப்பும் இறங்கிவந்தன. 2005 ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன் தேர்தல் என்று இடைக்கால நிருவாகச் சட்டம் நாள் குறித்தது. 2004 ஜூன் 28 ஆம் திகதி ஆட்சி இயாத் அல்லாவியின் இடைக்கால அரசிடம் கையளிக்கப்பட்டது. கடதாசியில் ஆக்கிரமிப்பு முடிந்தது. தேர்தல் நேரத்தில் ஏறத்தாழ 150,000 அமெரிக்கப் படையினர் நாட்டில் நின்றார்கள்.

கூப்பன் அட்டையில் பிறந்த தேருநர் இடாப்பு

நாள் குறித்தாயிற்று. வாக்காளர் யார்? ஈராக்கில் முழு நாட்டையும் உள்ளடக்கி அதுவரை நடந்திருந்த கடைசிக் குடிசன மதிப்பீடு 1987 இனுடையது. 1997 இல் நடந்ததில் குர்திஸ்தானின் மூன்று மாகாணங்கள் சேரவில்லை. புதிதாக வீடு வீடாகப் போய் எண்ணுவதற்கு நேரமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

கைகொடுத்தது உணவுப் பங்கீட்டு அட்டை. 1990 இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக்குப் பின் சதாம் ஹுசைனின் அரசு மாவு, அரிசி, சீனி, எண்ணெய், தேயிலை என்று குடும்பத்துக்குக் குடும்பம் பங்கிட்டுக் கொடுத்து வந்தது. சங்கக் கடைக் கூப்பன் காலத்தைக் கண்ட எங்கட மூத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பசி எல்லோருக்கும் பொது என்பதால் அந்தப் பட்டியலில் ஷீஆ, ஸுன்னி, குர்தி, கிறிஸ்தவர் என்று ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் இருந்தது. அதிலிருந்து சுமார் 14 மில்லியன் பேரைக் கொண்ட வாக்காளர் பட்டியல் தயாரானது. 2004 நவம்பரில் மாதப் பங்கீட்டோடு சேர்த்து வாக்காளர் படிவமும் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டது. பெயரில் பிழை இருந்தால் திருத்திக் கொள்ளலாம், பிழை இல்லாவிட்டால் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

நல்ல யோசனைதான். ஆனால் படிவத்தைக் கொடுத்தவர் யார்? தெருமுனையில் கடை வைத்திருந்த பங்கீட்டு முகவர். ஆயுதக் குழுக்கள் மிரட்டத் தொடங்கியபோது முதலில் அகப்பட்டவர்களும் அவர்கள்தான். அன்பார் மாகாணத்திலும் மோசூல் நகரைக் கொண்ட நைனவா மாகாணத்திலும் பதிவு வேலை பெரும்பாலும் நடக்கவேயில்லை. ஆகவே அங்கு மட்டும் வாக்களிப்பு நாளிலேயே பதிந்து வாக்களிக்கலாம் என்று தேர்தல் ஆணைக்குழு விதியைத் தளர்த்த வேண்டி வந்தது.

ஆணைக்குழுவும் புதிது. ஐ.நா.வின் உதவியோடு 2004 மே மாத முடிவில் அமைக்கப்பட்டது. வாக்குரிமையுள்ள ஏழு உறுப்பினர்களும் ஈராக்கியர்கள். ஐ.நா. அலுவலர்கள் நாட்டில் மிகச் சிலரே இருந்தனர். 2003 ஓகஸ்ட் 19 ஆம் திகதி பக்தாதில் ஐ.நா. தலைமையகத்தைத் தாக்கிய குண்டு லொறி, தூதுவர் செர்ஜியோ வியேரா த மெல்லோ உட்பட 22 பேரைக் கொன்றதை அந்நிறுவனம் மறக்கவில்லை. வாக்களிப்பைப் பார்வையிடவேண்டிய சர்வதேசக் குழு அயல்நாடான ஜோர்தானின் அம்மானில் இருந்துகொண்டே வேலை செய்தது. உள்ளே நின்று கண்காணித்தவர்கள் ஆயிரக்கணக்கான ஈராக்கியத் தொண்டர்கள்.

அந்தத் தேர்தலைச் சுமந்த சாதாரண மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 19 ஆம் திகதி பக்தாதின் ஹைஃபா வீதியில் பட்டப்பகலில் தேர்தல் ஊழியர் மூவர் காரிலிருந்து இழுத்து எடுக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் படம் உலகமெல்லாம் போனது. மோசூலில் ஊழியர்கள் கூட்டமாக விலகினார்கள். வேட்பாளர் பலரின் பெயர்கள் கடைசி நாட்கள் வரை வெளியே வரவில்லை. யாருக்கு வாக்குப் போடுகிறோம் என்று பெயர் தெரியாமல், பட்டியலின் இலக்கத்துக்கும் சின்னத்துக்கும் புள்ளடி போட வேண்டிய நிலை.

ஒரே தொடக்கம், இரண்டு முடிவு

மார்க்க அறிஞர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பது எமக்கு முக்கியம். ஷீஆக்கள் ஆதரவு, ஸுன்னிகள் எதிர்ப்பு என்று சுருக்கிச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அது அவ்வளவு லேசான விஷயமல்ல.

ஸீஸ்தானியின் வாதம் இப்படிப் போகிறது: ஆக்கிரமிப்புக்கு அதிகாரம் இல்லை, ஆகவே மக்கள் தெரிவுசெய்த சபைதான் அதிகாரத்தை எடுக்க வேண்டும், ஆகவே வாக்களிப்பது கடமை. தகுதியுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் இது கடமை என்று அவருடைய அலுவலகம் அறிவித்தது. மறுபக்கத்தில், ஹாரித் அல்-தாரி தலைமையிலான முஸ்லிம் உலமாக்கள் சங்கத்தின் வாதமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது: ஆக்கிரமிப்புக்கு அதிகாரம் இல்லை, ஆகவே அதன் துப்பாக்கியின் கீழ் நடக்கும் தேர்தலுக்கும் அதிகாரம் இல்லை, ஆகவே பகிஷ்கரிக்க வேண்டும். படை விலகுவதற்கு ஒரு கால அட்டவணை தந்தால் பகிஷ்கரிப்பைக் கைவிடலாம் என்றும் அச்சங்கம் சொல்லிப் பார்த்தது. அட்டவணை கிடைக்கவில்லை.

முதல் வாக்கியம் இருவருக்கும் ஒன்று. வித்தியாசம் மார்க்கச் சட்டத்தில் இருந்ததைவிட, நின்ற இடத்தில் இருந்தது. ஷீஆக்கள் நாட்டில் பெரும்பான்மை. வாக்கு எண்ணப்பட்டால் தமது கை ஓங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஸுன்னி அறபிகள் ஐந்திலொரு பங்களவினர். நெடுங்காலம் அரசோடு இருந்தவர்கள், இராணுவம் கலைக்கப்பட்டபோது அதிகம் இழந்தவர்கள். 2004 நவம்பரில் அவர்களுடைய ஃபல்லூஜா நகரம் அமெரிக்கப் படையால் தாக்கப்பட்டு, நகர மக்களில் பெரும்பாலோர் அகதிகளாக வெளியேறியிருந்தார்கள். கூடாரத்தில் இருப்பவனிடம் வாக்குச்சீட்டைக் காட்டினால் அவன் என்ன சொல்வான்?

இந்த இரு தரப்பையும் மூன்றாவதொரு தரப்போடு போட்டுக் குழப்பக் கூடாது. அபூ முஸ்அப் அல்-ஸர்காவியின் ஆட்கள் ஆக்கிரமிப்பை மட்டும் எதிர்க்கவில்லை. மக்கள் வாக்களிப்பது என்ற கருத்தையே எதிர்த்தார்கள். தேர்தலுக்கு ஒரு வாரத்துக்கு முன் வந்த ஒலிப்பதிவில் ஜனநாயகத்தின் மீதும் அதில் பங்குபற்றுவோர் மீதும் யுத்தம் என்று அறிவித்தார்கள். உலமாக்கள் சங்கம் "போகாதே" என்று சொன்னது. ஸர்காவி "போனால் கொல்வேன்" என்று சொன்னார். முதலாவது ஓர் அரசியல் நிலைப்பாடு, இரண்டாவது கொலை. ஆனால் வாக்குப் பெட்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது பின்னால் பெரிய விஷயமாக வந்தது.

தேர்தலைத் தள்ளிவைக்கலாமா என்ற பேச்சும் இருந்தது. 2004 நவம்பர் 26 ஆம் திகதி மூத்த அரசியல்வாதி அத்னான் பச்சாச்சியின் வீட்டில் கூடிய 17 கட்சிகள் ஆறு மாதம் பிற்போடுமாறு கேட்டன. ஸீஸ்தானி தரப்பும் வொஷிங்டனும் இணங்கவில்லை. ஸுன்னிகளின் பிரதான கட்சியான ஈராக்கிய இஸ்லாமியக் கட்சி டிசம்பர் கடைசியில் போட்டியிலிருந்து விலகியது.

ஜனவரி 30

வாக்களிப்பு நாளன்று வாகனங்கள் ஓடத் தடை. எல்லைகள் மூடப்பட்டிருந்தன. இரவில் ஊரடங்கு. கார்க் குண்டுக்கு வழியில்லாமல் செய்வதற்காக மொத்த நாட்டையும் கால்நடையாக்கி விட்டார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்களிப்பு நிலையங்கள். ஆயுதக் குழுக்கள் சும்மா இருக்கவில்லை. நாடெங்கும் நடந்த தாக்குதல்களில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்படியிருந்தும் நஜஃபிலும் பஸ்ராவிலும் அர்பீலிலும் பக்தாதின் பல பகுதிகளிலும் மக்கள் குடும்பமாக நடந்து வந்தார்கள். ஊதா மை பூசிய விரலை உயர்த்திக் காட்டினார்கள். அந்த மை கழுவினாலும் லேசில் போகாது. வீட்டுக்குப் போகும் வழியில் ஆயுதக்காரன் கண்டால் அதுவே சாட்சி. தெரிந்துகொண்டே பூசிக்கொண்டார்கள். அந்தத் துணிவை "அமெரிக்காட எலெக்ஷன்" என்ற ஒரு சொல்லால் தட்டிவிடுவது அநியாயம்.

சுமார் 8.5 மில்லியன் பேர் வாக்களித்தார்கள். பதிந்தவர்களில் 58 சதவீதம். 275 ஆசனங்களில் ஸீஸ்தானியின் ஆசியோடு அமைந்த ஐக்கிய ஈராக்கியக் கூட்டணிக்கு 140, குர்திக் கூட்டணிக்கு 75, அல்லாவியின் பட்டியலுக்கு 40. பட்டியலில் மூவருக்கு ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விதியால், சபையில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்டிய பெண்கள் அமர்ந்தார்கள்.

இப்போது மறுபக்கம். நைனவாவில் வாக்களித்தவர்கள் 17 சதவீதம். ஸலாஹுத்தீனில் 29 சதவீதம். அன்பாரில் 2 சதவீதம், ஆட்கணக்கில் சுமார் 14,000 பேர்.

வராதவர்களின் கணக்கு

இந்த இடத்தில்தான் தேர்தல் முறை என்ற உலர்ந்த விஷயம் உயிர்ப் பிரச்சினையாகிறது. 2005 ஜனவரியில் முழு ஈராக்கும் ஒரே தேர்தல் தொகுதி. விகிதாசாரப் பிரதிநிதித்துவம், ஆனால் மாவட்டம், மாகாணம் என்ற பிரிவு இல்லை. நாடெங்கும் விழுந்த வாக்குகளை ஒன்றாகச் சேர்த்து 275 ஆல் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 30,750 வாக்கு. அன்பார் மாகாணத்தின் மொத்த வாக்கையும் ஒரே பட்டியலுக்குப் போட்டிருந்தால்கூட அரை ஆசனம் தேறாது.

எங்கட நாட்டு முறையோடு ஒப்பிட்டால் விஷயம் சட்டென்று விளங்கும். இலங்கையில் ஒரு மாவட்டத்துக்கு இத்தனை ஆசனம் என்று வாக்களிப்புக்கு முன்பே நிர்ணயித்து விடுகிறார்கள். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு குறைவான பேர் வாக்களித்தாலும் அம்மாவட்டத்தின் ஆசனம் அம்மாவட்டத்துக்கே உரியது. வாக்களிப்புக் குறைவதால் யார் வெல்கிறார் என்பது மாறலாம். அப்பகுதியின் இருப்பு அழியாது. ஈராக்கின் ஒரே தொகுதி முறையில் பயத்தால் வராதவனின் ஆசனம் பயமில்லாத ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. துப்பாக்கிச் சூடு எங்கே கூடுதலோ அங்கே பிரதிநிதித்துவம் குறைந்தது.

ஏன் இந்த முறையைத் தெரிந்தார்கள்? இதைச் சதி என்று சொல்லிவிடுவது சுலபம். ஐ.நா. தேர்தல் பிரிவு முன்வைத்த காரணங்கள் அப்படியல்ல. குடிசன மதிப்பீடு இல்லாமல் மாகாணங்களுக்கு ஆசனம் பங்கிடுவது சண்டையில் முடியும். கிர்கூக் போன்ற இடங்களில் எல்லையே தகராறு. இடம்பெயர்ந்தவர்கள் இலட்சக்கணக்கில். வெளிநாட்டில் 14 நாடுகளில் வாக்களித்தவர்களை எந்த மாகாணத்தில் சேர்ப்பது? அதோடு, சிதறி வாழும் சிறு சமூகங்களுக்கு இம்முறை நன்மையும் செய்தது. துருக்மேனிய முன்னணிக்கு 3 ஆசனமும், அசீரியக் கிறிஸ்தவப் பட்டியலொன்றுக்கு 1 ஆசனமும் கிடைத்தன. தொகுதி தொகுதியாகப் பிரித்திருந்தால் அவை கிடைத்திருப்பது கஷ்டம். நாட்டில் பரந்து சிதறி வாழும் முஸ்லிம்களாகிய நாம் இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். காரணங்கள் எல்லாம் சரி, ஆனால் நாட்டின் ஒரு பகுதி வாக்களிக்கவே முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த முறையில் விடை இருக்கவில்லை.

வராதவர்கள் எல்லோரும் ஒரு மாதிரியும் அல்ல. கொள்கைக்காக வராதவன் ஒருவன். சாவுக்குப் பயந்து வராதவன் ஒருவன். ஊரில் நிலையமே திறக்காததால் வர முடியாமல் போனவன் ஒருவன். மூவரும் சேர்ந்து கணக்கில் ஒரே பூச்சியமானார்கள். விளைவு, ஐந்திலொரு பங்கினரான ஸுன்னி அறபிகளுக்கு 275 பேரைக் கொண்ட சபையில் ஏறக்குறைய 17 பேர்.

அன்றே நடந்த மாகாண சபைத் தேர்தலில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. அறபிகள் பெரும்பான்மையாக வாழும் நைனவாவில் 41 ஆசனங்களில் 31 குர்திப் பட்டியலுக்குப் போனது. அடுத்த மாகாண சபைத் தேர்தல் 2009 ஜனவரியில்தான் நடந்தது. நான்கு வருடம், மோசூலின் அன்றாட நிருவாகம் அந்நகரின் பெரும்பான்மையினர் தெரிவுசெய்யாத சபையின் கையில் இருந்தது.

யாப்பு எழுதியபோது

இது சாதாரணப் பாராளுமன்றமாக இருந்தால் அடுத்த முறை பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். ஆனால் இந்தச் சபையின் வேலை யாப்பு எழுதுவது. 55 பேர் கொண்ட யாப்புக் குழுவில் முதலில் ஸுன்னி அறபிகள் இருவர் மட்டுமே இருந்தனர். பிழை விளங்கியது. வெளியிலிருந்து 15 ஸுன்னி உறுப்பினர்களைச் சேர்த்தார்கள். ஆனால் அவர்கள் மக்கள் வாக்கால் வந்தவர்கள் அல்ல, அழைக்கப்பட்டவர்கள். நேரமும் போய்விட்டிருந்தது. அப்படி வந்தவர்களிலும் சிலர் ஜூலை மாதம் சுட்டுக்கொல்லப்பட்டனர். சமஷ்டி, எண்ணெய் வருமானம், பஅத் கட்சியினர் விவகாரம் போன்ற முக்கிய விஷயங்களை ஷீஆ, குர்தித் தலைவர்களே கடைசியில் பேசி முடித்தனர்.

2005 ஒக்டோபர் 15 ஆம் திகதி மக்கள் தீர்ப்பு. இம்முறை ஸுன்னிகள் வந்தார்கள், எதிர்த்து வாக்களிக்க. எவையேனும் மூன்று மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு எதிராக விழுந்தால் யாப்பு தோற்கும் என்பது விதி. அன்பாரில் 97 சதவீதம் எதிர்ப்பு. ஸலாஹுத்தீனில் 82 சதவீதம் எதிர்ப்பு. மூன்றாவதான நைனவாவில் எதிர்ப்பு 55 சதவீதம், தேவைக்குக் குறைவு. நாடளாவிய ரீதியில் 78 சதவீத ஆதரவோடு யாப்பு நிறைவேறியது. சட்டப்படி வெற்றி. ஆனால் ஒரு சமூகம் முழுவதும் வேண்டாம் என்று சொன்ன பத்திரத்தை அவர்களது நாட்டின் அடிப்படைச் சட்டம் என்று சொல்ல வேண்டி வந்தது.

டிசம்பர் 15 ஆம் திகதி பொதுத் தேர்தலுக்கு முறையை மாற்றினார்கள். 230 ஆசனங்கள் மாகாணங்களுக்கு முன்கூட்டியே பங்கிடப்பட்டன. 45 ஆசனங்கள் நாடளாவிய ஈட்டுக்கு. அரை ஆசனத்துக்கும் வழியில்லாதிருந்த அன்பாருக்கு, எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் 9 ஆசனம் என்று ஒதுக்கப்பட்டது. ஸுன்னிக் கட்சிகள் போட்டியிட்டன. இரு பிரதான ஸுன்னிப் பட்டியல்கள் மட்டும் 44 உம் 11 உமாக 55 ஆசனங்களை எடுத்தன. ஜனவரியில் பகிஷ்கரித்த அதே மக்கள், அதே அமெரிக்கப் படை நிற்கும்போது, அதே ஆண்டில் வரிசையில் நின்றார்கள். பகிஷ்கரிப்பின் விலையைக் கண்டதும் ஒரு காரணம், வந்தால் பலன் உண்டு என்று முறை காட்டியதும் ஒரு காரணம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். 2006 பெப்ரவரி 22 ஆம் திகதி ஸாமர்ராவில் அல்-அஸ்கரி அடக்கத்தலம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. பக்தாதின் தெருக்களில் அயலவரை அயலவர் கொன்றார்கள். தெரிவான சபைக்கு அதைத் தடுக்கும் வலு இருக்கவில்லை. அரசை அமைக்கவே மே மாதம் வரை சென்றது. ஆசனம் பாதுகாப்பாகாது என்பதை ஈராக்கியர் மிகக் கசப்பாகக் கற்றார்கள்.

எங்கட 1988

1988 நவம்பர் 19 ஆம் திகதி இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல். இந்தியப் படை நிலத்தில் நிற்கிறது. அது இரு அரசுகளின் ஒப்பந்தத்தின் பேரில் வந்த படை, ஈராக்கைப் போன்ற படையெடுப்பு அல்ல. ஆனால் துப்பாக்கியின் நிழல் நிழல்தானே. விடுதலைப் புலிகள் தேர்தலை எதிர்த்தார்கள். வடக்கில் வாக்களிப்பே நடக்கவில்லை. 36 ஆசனங்களும் போட்டியின்றி நிரப்பப்பட்டன. கிழக்கில் மட்டும் மக்கள் வாக்களித்தார்கள். அங்கே 35 ஆசனங்களில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். 17, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1.

எங்கட மக்கள் அன்று வீட்டில் இருந்திருந்தால் அந்தச் சபையில் முஸ்லிம்களுக்கென்று ஒரு குரல் இருந்திராது. போனதால் இருந்தது. ஆனால் 1990 இல் இந்தியப் படை போனது, சபையும் போனது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் என்ன நடந்தது, ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. பதினேழு ஆசனத்தால் அதைத் தடுக்க முடியவில்லை. அதற்காகப் பதினேழும் வீண் என்றும் சொல்ல முடியாது. பிற்காலத்தில் முஸ்லிம்கள் தனித் தரப்பாகப் பேச உட்கார்ந்தபோது, 1988 இல் காட்டிய எண்ணிக்கை பின்னால் நின்றது.

இனி இப்படியொரு தேர்தல் வந்தால்

பலஸ்தீனிலோ வேறெங்கோ அந்நியப் படையின் கீழ் தேர்தல் என்று நாளை செய்தி வரும்போது, "போகலாமா, கூடாதா" என்று உடனே தீர்ப்புச் சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. விதிகளை எழுதியது யார்? அச்சுறுத்தல் எல்லாப் பகுதிக்கும் சமமா, ஒரு சமூகத்தின் மீது மட்டுமா? வர முடியாதவர்களின் ஆசனம் அவர்களுக்காகக் காத்திருக்குமா, வேறு கைக்குப் போகுமா? தெரிவாகும் சபை சில வருடம் ஆளப்போகிறதா, அல்லது நிரந்தரமான யாப்பை எழுதப்போகிறதா?

யாப்பு எழுதும் சபையென்றால் பகிஷ்கரிப்பின் விலை பலமடங்கு. ஈராக்கின் ஸுன்னி உலமாக்கள் சொன்ன காரணம் பிழையானதல்ல, ஆக்கிரமிப்பு அநியாயமேதான். ஆனால் பகிஷ்கரிப்பு என்பது எதிராளிக்கு நட்டம் வரும் இடத்தில்தான் ஆயுதமாகும். தேர்தல் முறை வராதவனைப் பூச்சியமாக்கும் இடத்தில் நட்டம் பகிஷ்கரித்தவனுக்கே வந்து சேர்ந்தது. நடத்தியவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நாள் தவறாமல் தேர்தல் வைத்தோம் என்று அவர்கள் பெருமைப்பட்டார்கள். அன்பாருக்கு டிசம்பரில் கொடுத்த அந்த 9 ஆசனத்தை ஜனவரியிலேயே ஒதுக்கி வைத்திருந்தால், யாப்பு எழுதிய மேசையில் இன்னும் சிலர் அழைப்பில்லாமலே, உரிமையோடு உட்கார்ந்திருப்பார்கள்.